பருத்தி ஆலைச் சுவரில் ஐந்தடி எழுத்து

என் தங்கை புருஷன் அபுந்தியோவைப் பற்றி சான் பெத்ரோவில் இரண்டு பேச்சு உலவுகிறது. அவன் கூசாமல் பொய் சொல்கிறவன் என்பது ஒன்று. பாட்டுக்காரர்களோடு பழகித் தலைக்கனம் ஏறிப்போனவன் என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. நான் சான் பெத்ரோவுக்கும் தொர்ரெயோனுக்கும் நடுவே பதினேழு வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். என் பஸ்ஸில் ஏறி, எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு, இந்தக் கதையை எனக்கே சொல்ல வருகிறவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் வாங்கியிருப்பதால் அவர்களை நடுவழியில் இறக்கிவிடவும் முடியாது. வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அபுந்தியோவின் தொழில் சுவர் எழுதுவது. எங்கள் லகூனா பக்கம் எந்த ஊரில் நடனக் கச்சேரி வைத்தாலும் அதை ஜனங்களுக்குச் சொல்வது ரேடியோ அல்ல, சுவர்தான். சுண்ணாம்பில் உப்பும் சப்பாத்திக்கள்ளிச் சாறும் கலந்து பழைய எழுத்தை முதலில் அழிப்பான். அது காய்ந்ததும், நூல் பிடிக்காமல், கோடு போடாமல், நின்ற இடத்திலிருந்தே பெரிய எழுத்தில் குழுவின் பெயரை எழுதுவான். சிவப்பு எழுத்து, நீல நிழல். கீழே சின்னதாக ஊர், நாள், நேரம். எங்கள் பருத்தி ஆலையின் வெளிச்சுவர் நாற்பது மீட்டர் நீளம். தொர்ரெயோன் சாலையில் போகிற ஒருவர்கூட அதைப் படிக்காமல் போக முடியாது.

மற்ற எழுத்துக்காரர்கள் காசு கொடுத்தால் எதையும் எழுதுவார்கள். பெரிய குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு ஜனங்கள் கிராமத்திலிருந்து லாரி பிடித்து வந்தால், மேடையில் யாரோ மூன்று பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அபுந்தியோ அப்படியில்லை. குழு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்காமல் தூரிகையை நனைக்க மாட்டான். அதனால் எழுத்தின் சாயலைப் பார்த்தே ஜனங்கள் சொல்வார்கள், இது அபுந்தியோ எழுதியது, அப்படியானால் வருவார்கள் என்று. அவனுக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான்.

எழுபதாம் வருஷம் லேர்தோவிலிருந்து ஐந்து பையன்கள் ஒரு பழைய வேனில் வந்தார்கள். யாருடைய கல்யாணத்துக்கோ வாசித்துவிட்டுத் திரும்பும்போது என் தங்கை அம்பாரோவின் வீட்டு வாசலில் வேன் கொதித்து நின்றுவிட்டது. பாடுகிறவன் பெயர் லெயோபார்தோ. மற்ற நான்கு பேரும் ஆர்கன், கிட்டார், பாஸ், டிரம். குழுவின் பெயர் நுப்லாதோஸ், மேகமூட்டக்காரர்கள். மழையே பெய்யாத பூமியில் பிறந்தவர்கள் வைத்துக்கொள்கிற பெயரா அது என்று நான் கேட்டேன். பெயரிலாவது இருக்கட்டுமே என்றான் லெயோபார்தோ. அந்தப் பதிலுக்கு அபுந்தியோ விழுந்துவிட்டான். வேன் சரியாக இரண்டு நாளானது. இரண்டு நாளும் அவர்கள் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே படுத்தார்கள். அம்பாரோ சுட்டுப்போட்ட மைதா ரொட்டியையும் பீன்ஸையும் தின்று தீர்த்தார்கள். போகும்போது டிரம்மின் முகத்தில் அவர்கள் பெயரை, மேகத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல அபுந்தியோ எழுதிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு லகூனா பக்கம் எந்தச் சுவரை எழுதினாலும் கீழே ஓரத்தில், யாரும் கேட்காமலே, அவர்கள் பெயரையும் சேர்ப்பான். முதலில் ஒரு சாண் எழுத்து. அடுத்த வருஷம் ஒரு முழம். நான் தினமும் அந்தச் சாலையில் போகிறவன். அந்தக் குழு வளர்ந்ததை எழுத்தின் உயரத்தை வைத்தே சொல்வேன். "மாப்பிள்ளை, உங்க பசங்க இந்த மாசம் என் இடுப்பு உயரத்துக்கு வந்துட்டாங்க" என்று கேலி செய்வேன். இன்னும் வளருவாங்க மச்சான் என்பான்.

வளர்ந்தார்கள். எழுபத்து மூன்றில் முதல் இசைத்தட்டு வந்தது. காதலியை ஏற்றிவிட வந்தவன் பஸ் போனபிறகும் நிலையத்திலேயே நிற்கிற பாட்டு. பாட்டின் நடுவில் இசை தணிந்துவிடும், லெயோபார்தோ பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுவான், தொண்டை அடைத்துக்கொண்டு, நான்கே வரி. பஸ்ஸில் ரேடியோ போட்டிருப்பேன். அந்த இடம் வந்தால் தக்காளிக் கூடையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற பொம்பளைகள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. பஸ்ஸை நேரத்துக்கு எடுத்ததற்காக டிரைவரைத் திட்டுகிற பாட்டு அது.

எங்கள் வழக்கப்படி இசைத்தட்டுக்கும் ஞானஸ்நானம் உண்டு, அதற்கு ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். தொர்ரெயோன் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். அம்பாரோவின் முற்றத்தில் எல்லோரும் கூடிவிட்டோம், அவர் வரவில்லை. மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, கையில் பெயிண்ட் கறையோடு நின்ற அபுந்தியோவின் கையில் சிட்ரா மது பாட்டிலைக் கொடுத்தான் லெயோபார்தோ. அபுந்தியோ அதை இசைத்தட்டின் மேல் ஊற்றினான். அந்த நிமிஷத்திலிருந்து இருவரும் கொம்பாத்ரேக்கள். கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல்.

அந்தச் சந்தோஷத்தில்தான் லெயோபார்தோ நாற்காலிமேல் ஏறி நின்று சொன்னான். நெரெய்தாவின் பதினைந்தாம் வயது விழாவுக்கு இசை எங்களுடையது, எந்த ஊரில் இருந்தாலும் வந்து நிற்போம் என்று. நெரெய்தா அபுந்தியோவின் ஒரே பெண். அப்போது அவளுக்குப் பதினொன்று. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். மடத்தனம்.

அடுத்த மூன்று வருஷத்தில் நுப்லாதோஸ் எங்கேயோ போய்விட்டார்கள். ஒரே துணியில் தைத்த ஐந்து வெள்ளைக் கோட்டு, தோள்வரை முடி, தலைநகரத்தில் ஆபீஸ், ஒலிவாரெஸ் என்று ஒரு மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனில் வந்தார்கள், எங்கள் கிராமங்களில் அந்தப் பெட்டி யாரிடமும் இல்லை. டெக்ஸாஸில் பருத்தி எடுக்கப் போன எங்கள் ஆட்கள் அங்கேயும் அந்தப் பாட்டைக் கேட்டதாகக் கடிதம் போட்டார்கள். முதல் வருஷம் கிறிஸ்துமஸுக்கு லெயோபார்தோ நேரில் வந்தான். அடுத்த வருஷம் கூடை நிறையப் பழம் அனுப்பினான். அதற்கடுத்த வருஷம் அச்சடித்த வாழ்த்து அட்டை வந்தது, ஐந்து பேர் கையெழுத்தும் அச்சிலேயே இருந்தது. அபுந்தியோ அதைக் கண்ணாடி போட்டு மாட்டினான்.

எழுபத்தேழு மார்ச் பன்னிரண்டு, சனிக்கிழமை, நெரெய்தாவின் விழா. எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்கு அது கல்யாணத்துக்குச் சமம். பூசை, பிறகு சாப்பாடு, பிறகு அப்பாவோடு முதல் வால்ஸ் நடனம். கேக் செலவுக்கு ஒரு ஞானத்தகப்பன், கிரீடத்துக்கு ஒரு ஞானத்தாய், குதிகால் செருப்புக்கு நான். எல்லாம் எழுதி வைத்தாயிற்று. இசைக்கு எதிரில் மட்டும் லெயோபார்தோ என்று இருந்தது. நான் நவம்பரிலேயே ஆரம்பித்தேன். எதற்கும் உள்ளூர் குழு ஒன்றுக்குச் சொல்லி வை, வராவிட்டால் கையில் ஒன்றாவது இருக்கும் என்றேன். இல்லையென்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் அவனிடம் எழுதி வாங்கு என்றேன். ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தனிடமும் ஒப்பந்தம் கேட்கிற மனுஷன் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தான்.

"கொம்பாத்ரே கிட்டப் போயி கையெழுத்துக் கேக்கச் சொல்றீங்களா மச்சான்? அதுக்கு அவர் மூஞ்சில துப்பிட்டு வந்துடலாம்."

இதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி. அந்நியனிடம் எல்லாவற்றையும் எழுதி வாங்குவோம். கொம்பாத்ரே என்றால் காகிதம் கேட்பதே அவமானம். அவன் அவமானப்படுவானே என்று நாம் அவமானப்படத் தயாராக இருப்போம்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்டான். மருந்துக்கடையில் இருக்கிற தொலைபேசிக் கூண்டிலிருந்து தலைநகரத்து ஆபீஸுக்குப் பேசினான். நான்கு தடவை மேனேஜர்தான் எடுத்தார். கவலைப்படாதீர்கள், குறித்துக்கொண்டேன் என்றார். ஜனவரியில் ஐந்தாவது தடவை லெயோபார்தோவே எடுத்தான். நான் கூண்டுக்கு வெளியே நின்றேன். அபுந்தியோவின் முதுகு நிமிர்ந்ததிலிருந்தே தெரிந்துவிட்டது. குரல் கரகரவென்று இருந்ததாம், ஆனால் வருகிறேன் என்று மாதா மேல் ஆணையிட்டானாம்.

அன்றே போய்ச் சுவரில் எழுதிவிட்டான். யாரும் கேட்காமல், எந்தக் காகிதமும் பார்க்காமல், நாற்பது மீட்டரையும் சுண்ணாம்படித்து, ஐந்தடி எழுத்தில் நுப்லாதோஸ். கீழே, என் மகள் நெரெய்தாவின் பதினைந்து, மார்ச் பன்னிரண்டு, சாயங்காலம் நான்கு மணி, ஆலை முற்றம், எல்லோரும் வாருங்கள். நான் பஸ்ஸைச் சாலையோரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். என்ன செய்கிறாய், இது கச்சேரியா, வீட்டு விழாவா என்று கத்தினேன். எழுத்தின் நிழலை முடித்துக்கொண்டே, சந்தோஷத்தை ஒளிச்சு வெச்சுப் பழக்கமில்ல மச்சான் என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அன்று தலைவலி வந்தது.

அம்பாரோ நூற்றைம்பது பேருக்கு அசாதோ பன்றிக்கறியும் ஏழு வகை சேமியாவும் ஆக்கியிருந்தாள். வந்தது ஆயிரத்துக்கு மேல். சுற்றியிருக்கிற கிராமங்களிலிருந்து டிராக்டரிலும் லாரியிலும் வந்து இறங்கினார்கள். ஆலை முற்றம் நிரம்பி, மதில்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். மார்ச் மாதப் புழுதிக்காற்று வேறு. பன்றிக்கறிச் சட்டியை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் என் தங்கை நின்றாள். "அண்ணே, நாளைக்கு நான் இந்த மனுஷனோட பேச மாட்டேன். இன்னைக்கு நேரமில்ல" என்றாள்.

நாலரை மணிக்கு வேன் வந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. வேனின் பக்கவாட்டில் அபுந்தியோவின் மேக எழுத்தை யாரோ காப்பி அடித்திருந்தார்கள், நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததுமே அவன் முகம் மாறிவிட்டது. கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு, தோள்வரை முடி, ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் ஒருவனைக்கூட நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

முற்றத்துக்குப் பின்னால், பருத்தி மூட்டை அடுக்குகிற கொட்டகைக்குள் அவர்களைத் தள்ளிக்கொண்டு போனோம். பாடுகிறவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. காஸ்துலோ என்று பேர், சகாதேகாஸ் பக்கம். மரியாதையான பையன், கோட்டைக்கூடக் கசங்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒளிக்கவில்லை.

"மேனேஜர்தான் அனுப்பிச்சாருங்கய்யா. சின்ன ஊருக்கெல்லாம் எங்களத்தான் அனுப்புறாரு. போன வாரம் பாராஸ், அதுக்கு முந்தின வாரம் வியெஸ்கா. ஜனங்க ரேடியோவுலதான கேட்டிருக்காங்க. இதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்டதில்ல."

"லெயோபார்தோ எங்க?" என்று கேட்டான் அபுந்தியோ.

அவரை நான் பார்த்ததே இல்லையே ஐயா என்றான் பையன்.

நான் கத்த ஆரம்பித்தேன். வேனைத் திருப்பி அனுப்பு, மேடையில் ஏறி நடந்ததைச் சொல், ஏமாந்தவன் நீதானே, உனக்கென்ன வெட்கம் என்றேன். அபுந்தியோ வாசல் பக்கம் திரும்பினான், சொல்லிவிடத்தான் போனான், அதை நான் சத்தியம் செய்வேன். ஆனால் கொட்டகை வாசலில் நெரெய்தா நின்றுகொண்டிருந்தாள். ரோஸ் நிறக் கவுன், நான் வாங்கிக் கொடுத்த செருப்பு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"அப்பா, அவங்க இல்லன்னு சொன்னா எல்லாரும் எழுந்து போயிடுவாங்களா?"

"போயிடுவாங்கம்மா."

"அப்ப என் வால்ஸ்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவன் கொஞ்ச நேரம் அவள் கவுனையே பார்த்தான். பிறகு வெளியே போய் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தான். காற்றில் மைக் இரைந்தது. கூட்டம் அமைதியானது. அவன் சொன்னதை நான் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"இவங்கதான் நுப்லாதோஸ். என் கொம்பாத்ரேமாருங்க. என் வீட்டு ரொட்டிய சாப்பிட்டவங்க. சுவத்துல எழுதினேன், வந்துட்டாங்க."

கூரை பறக்கிற மாதிரி கைதட்டல். தொர்ரெயோனிலிருந்து வந்திருந்த பத்திரிகைப் போட்டோக்காரன் படம் எடுத்தான். எங்கள் தெருக்காரர்கள் இருபது முப்பது பேருக்கு உண்மை தெரியும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விழா வீட்டில் எதற்கு என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வால்ஸ் நடந்தது. அபுந்தியோ நன்றாகவே ஆடினான். பிறகு காஸ்துலோ அந்தப் பஸ் நிலையப் பாட்டைப் பாடினான். இதைச் சொல்லாமல் விட்டால் கதை நிற்காது: அச்சு அசலாக இசைத்தட்டில் இருக்கிற மாதிரியே பாடினான். நடுவில் பேசுகிற நான்கு வரியில் தொண்டை அடைக்கிற இடம்கூட மாறவில்லை. ஆயிரம் பேரும் அழுதார்கள். எனக்கு அந்தப் பையனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது, அவன் மேல் கோபமே இல்லாமல்.

அடுத்த ஐந்து மாதம் அபுந்தியோ எங்கே போனாலும் ராஜ மரியாதை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன், கொம்பாத்ரே என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போவான். வீட்டுக்கு வந்தால் கண்ணாடி போட்ட வாழ்த்து அட்டையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருப்பான், அம்பாரோ அதை நேராக வைப்பாள், அவன் மறுபடி திருப்புவான். லெயோபார்தோவுக்குப் போன் பேசு, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள் என்றேன். வேண்டாம் என்று விட்டான்.

ஆகஸ்டில் லெயோபார்தோ தானாகவே வந்தான். இரவல் காரில், முடியை வெட்டிக்கொண்டு, உடம்பு பெருத்து. பேசினால் ரம்பம் மரத்தை அறுக்கிற சத்தம். நான்கு வருஷம் ஒரு நாள் விடாமல் பாடியதில் தொண்டை போய்விட்டது. முற்றத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பெண்ணின் அப்பா விழாவை ஜூனுக்குத் தள்ளி வைத்துவிட்டார் என்று ஒலிவாரெஸ் சொன்னானாம். இவன் நம்பிவிட்டானாம். மார்ச் பன்னிரண்டு அன்று மான்டெர்ரேயில் பாடிக்கொண்டிருந்தானாம். ஒரு போன் செய்ய விரல் இல்லையா என்று நான் கேட்டேன். அவன் மே மாதக் கதைக்குத் தாவினான்.

மே மாதம்தான் டூப் குழு ஊர் ஊராக ஓடுவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து பேரும் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். நுப்லாதோஸ் என்ற பெயரையே ஒலிவாரெஸ் தன் பேரில் பதிந்து வைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. நாங்கள்தான் நிஜம், ஊருக்கே தெரியும் என்று கத்தியிருக்கிறான் லெயோபார்தோ. ஒலிவாரெஸ் மேஜையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்துப் போட்டிருக்கிறான்.

"அது நீங்க கொம்பாத்ரே. மைக்க பிடிச்சிட்டு, பின்னாடி அந்த அஞ்சு பேரும். 'உன் சொந்த கொம்பாத்ரேயே ஆயிரம் பேர் முன்னாடி இவங்கதான்னு சொல்லியிருக்காரு. அப்ப நீ யாருப்பா'ன்னு கேட்டான்."

உங்க பேர் கெட்டுடக் கூடாதேன்னும்தான் சொன்னேன் கொம்பாத்ரே என்றான் அபுந்தியோ. அது உண்மைதான். மகளுக்காகச் சொன்னான், லெயோபார்தோ வராமல் ஏமாற்றினான் என்று ஊர் பேசக்கூடாது என்பதற்காகவும் சொன்னான். இரண்டு பேரையும் காப்பாற்றப் போய் ஒருவனுடைய பிழைப்பையே எழுதிக் கொடுத்துவிட்டான். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இரண்டு பேர்மேலும் பட்டேன்.

பெயர் போனாலும் லகூனா ஜனங்கள் ஒத்துக்கொண்டால் போதும், இங்கிருந்து ஒவ்வொரு ஊராகப் பிடித்துவிடலாம் என்றான் லெயோபார்தோ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே ஆலை முற்றத்தில் ஒரு கச்சேரி வைப்பது என்று முடிவானது. இந்தத் தடவை அபுந்தியோ ஒப்பந்தம் கேட்டான். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு கையெழுத்தையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, சுவரில் உண்மையான நுப்லாதோஸ் என்று எழுதினான். அதைப் பார்த்து என் பஸ்ஸில் ஒருவன், உண்மையானன்னு எதுக்கு எழுதணும், அப்படின்னா ஏதோ இருக்கு என்றான். பிரேக்கை அழுத்தி மிதித்தேன், முன் சீட்டில் முட்டிக்கொண்டான்.

ஜனங்கள் வந்தார்கள். மார்ச் மாதம் வந்த அதே முகங்கள், அதே லாரிகள். நிஜமான ஐந்து பேரும் பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றார்கள். இரண்டு பேருக்குப் பொத்தான் பூட்டவில்லை. லெயோபார்தோ அந்தப் பாட்டையே முதலில் எடுத்தான். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. பேசுகிற இடத்தில் அவனுக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது, அது அழுகை மாதிரி இல்லை, இருமல் மாதிரி இருந்தது. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். இது டூப்பு என்று ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள். அந்த ஒல்லிப் பையன் எங்கே, நெரெய்தா விழாவில் பாடினானே, அவன்தான் நிஜம் என்று வரிசை வரிசையாகப் பரவியது.

லெயோபார்தோ பாட்டை நிறுத்திவிட்டு அபுந்தியோவைப் பார்த்தான். அபுந்தியோ ஏறினான். மைக்கைப் பிடித்தான். தலையைக் குனியாமல், சுற்றி வளைக்காமல், மார்ச்சில் நான் பொய் சொன்னேன், இவர்கள்தான் நிஜம் என்று சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் என் பஸ்ஸில் கோழி கொண்டுபோகிறவர், கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகத்தான் கேட்டார்.

"தோன் அபுந்தியோ, மார்ச்சுல இதே இடத்துல நின்னு அவங்கதான்னு சொன்னீங்க. நம்பினோம். இன்னைக்கு இவங்கங்கறீங்க. எந்த நாளு சொன்னது பொய்?"

"மார்ச்சுல சொன்னதுதான் பொய்."

"சரி. அடுத்த மாசம் இன்னும் அஞ்சு பேரக் கூட்டிட்டு வந்து, ஆகஸ்ட்ல சொன்னதுதான் பொய்ம்பீங்க."

சிரித்தார்கள். அபுந்தியோ மைக்கைப் பிடித்தபடியே நின்றான். நான் அவன் மச்சான், எனக்குத் தெரியும், இந்த ஐந்து பேரும் என் தங்கை வீட்டில்தான் படுத்திருந்தார்கள் என்று கீழே இருந்து கத்தினேன். நீயும் அந்த வீட்டு ஆள்தானே என்று பக்கத்திலேயே ஒருவன் சொன்னான். என் பக்கத்தில் நின்ற நெரெய்தா என் கையை உதறினாள்.

"நான் போய்ச் சொல்றேன் மாமா. வால்ஸ் வேணும்னு கேட்டது நான்தான்."

அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து நிறுத்தினேன். அவளையும் பார்த்துச் சிரிப்பார்கள், அதை என்னால் பார்க்க முடியாது. பிடித்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குள் லாரிகள் கிளம்ப ஆரம்பித்தன. லெயோபார்தோ குரலைச் செருமிக்கொண்டு இரண்டாவது பாட்டைத் தொடங்கினான். கடைசிவரை உட்கார்ந்து கேட்டவர்கள் எங்கள் தெருக்காரர்கள் மட்டும்தான். அவன் யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.